மாதம் 400 வெள்ளி குறைகிறது: பினாங்கில் படிக்கும் பிள்ளை எந்த வேலைக்குப் போகலாம்?

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த சந்தோஷம் ஒரு வாரம் இருக்கும். அப்புறம் வீட்டில் கணக்குப் போட ஆரம்பிப்பார்கள். பிடிபிடிஎன் என்ற அரசுக் கல்விக் கடன் வரும். அதில் கட்டணமும் விடுதி வாடகையும் போனபின் சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் மாதம் ஒரு 400 வெள்ளி (ரிங்கிட்) இடிக்கும். பிறை, பட்டர்வொர்த், நிபோங் திபால் பக்கத்திலிருந்து கெளுகோரில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யுஎஸ்எம்முக்குப் போகும் பிள்ளைகளின் வீடுகளில் இந்தப் பேச்சைப் பல முறை கேட்டிருக்கிறேன். அப்பா, "நான் கொஞ்சம் ஓவர்டைம் பார்த்துக்கிறேன்" என்பார். பிள்ளை, "வேண்டாம்பா, நானே பகுதி நேர வேலை தேடிக்கிறேன்" என்பான். இரண்டுமே அன்பில் வருகிற பேச்சுதான். ஆனால் எந்த வேலை, எத்தனை மணி நேரம், அதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று உட்கார்ந்து எழுதிப் பார்க்கும் வீடுகள் குறைவு. அதைத்தான் இங்கே செய்து பார்க்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செமஸ்டர் நடக்கும்போது பிள்ளையின் நேரத்தை மலிவாக விற்காதீர்கள். விடுமுறை நேரத்தை விற்கலாம், தாராளமாக. செமஸ்டருக்குள் வேலை பார்த்தே ஆக வேண்டும் என்றால், சம்பளம் குறைவாக இருந்தாலும் வளாகத்துக்குள் கிடைக்கும் வேலைதான் நல்லது. பேரங்காடியில் இரவு வேலை அதற்குப் பிறகுதான்.

முதலில் பிள்ளையிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்ப்போம். மலேசியத் தகுதி முகவாண்மையான எம்க்யூஏவின் கணக்குப்படி ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேரப் படிப்பு. வகுப்பு, லேப், பாடப்பணி, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அதில் அடங்கும். ஒரு செமஸ்டரில் 16 கிரெடிட் எடுத்தால் 640 மணி நேரம். வகுப்பு வாரங்களையும் தேர்வு வாரங்களையும் சேர்த்து 18 வாரம் என்று வைத்தால், வாரத்துக்கு 35 மணிக்கு மேல் போகிறது. மலேசியாவில் முழு நேரத் தொழிலாளியின் உச்ச வரம்பே 2023 முதல் வாரம் 45 மணி நேரம்தான். ஆக, படிக்கிற பிள்ளை ஏற்கெனவே ஏறக்குறைய முழு நேர வேலையில்தான் இருக்கிறான். அதன்மேல் 12 மணி நேரம் ஏற்றினால் 48. இருபது ஏற்றினால் 55-ஐத் தாண்டும். "சும்மா இருக்கிற நேரத்துல வேலை பாக்கட்டுமே" என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இனி பேரங்காடி வேலை. இதில்தான் நிறைய பிள்ளைகள் முதலில் போய் விழுகிறார்கள், ஏனென்றால் கேட்ட அன்றைக்கே கிடைக்கும். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. மணிக்கணக்கில் அது 8.72 வெள்ளி. வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் 104 வெள்ளி 64 காசு. மாதத்துக்கு 400-ஐத் தாண்டிவிடும். குறைகிற தொகைக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது, இல்லையா? அதனால்தான் இது ஆபத்தான கணக்கு.

குயின்ஸ்பே போன்ற ஒரு பேரங்காடியில் மாலை ஆறு முதல் பத்து வரை வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். பத்துக்குக் கடை அடைத்து, கூட்டித் துடைத்து, பணத்தைச் சரிபார்த்து, பேருந்துக்குக் காத்திருந்து டேசாசிஸ்வா விடுதிக்குத் திரும்பினால் பதினொன்றை நெருங்கிவிடும். நான்கு மணி நேரச் சம்பளத்துக்கு ஆறு மணி நேரம் போகிறது. வாரத்துக்கு 18 மணி. பேருந்துக்கு நாளுக்கு 3 வெள்ளி என்று கழித்துவிட்டு வகுத்தால் மணிக்கு 5 வெள்ளி 30 காசு சொச்சம்தான் தேறும். மறுநாள் காலை எட்டு மணி வகுப்பில் தூங்கி வழிவதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. பெண் பிள்ளையாக இருந்தால் இரவு பத்தரைக்குப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பதை நினைத்து அம்மா தூங்க மாட்டார். அதுவும் ஒரு செலவுதான்.

இன்னொன்று. பகுதி நேரம் என்பதால் உரிமை இல்லை என்று சில முதலாளிகள் சொல்வார்கள். அது சரியில்லை. பகுதி நேரத் தொழிலாளர்களுக்கென்று 2010 முதலே விதிமுறைகள் இருக்கின்றன. ஈபிஎஃப் என்ற சேமநிதி, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு இரண்டும் மாணவருக்கும் உண்டு. ஈபிஎஃப்புக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு பிடிப்பார்கள். முதலாளி 13 விழுக்காடு போட வேண்டும். கையில் காசாகக் கொடுத்து, சம்பளச் சீட்டே தராத இடம் என்றால் அந்த வேலை வேண்டாம். ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். அதற்குத் தயங்க வேண்டியதில்லை.

உணவு விநியோக வேலையைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. நேரம் நம் கையில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் மோட்டார், பெட்ரோல், சர்வீஸ், டயர் எல்லாம் நம் செலவு. மழையிலும் ஓட வேண்டும். சுயதொழில் செய்வோருக்கான 2017 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொக்சோ பாதுகாப்பு இருக்கிறது. ஓட்டுகிறவர்கள் கட்டாயம் அதில் சேர வேண்டும். ஆனால் கால் உடைந்தால் கிடைக்கும் இழப்பீடு, போன செமஸ்டரைத் திருப்பித் தராது. என் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் செமஸ்டர் நேரத்தில் அனுப்ப மாட்டேன்.

வளாக வேலைக்கு வருவோம். நூலகத்தில் புத்தகம் அடுக்குவது, துறை அலுவலகத்தில் விவரங்களைக் கணினியில் ஏற்றுவது, லேபில் உதவுவது, விடுதி அலுவலகம், நிகழ்ச்சிகளில் ஒத்தாசை, விரிவுரையாளரின் ஆய்வுக்குத் தரவு சேகரிப்பது என்று பல வகை உண்டு. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் பெயர் வேறு, விதி வேறு. சம்பளம் வெளியே கிடைப்பதைவிடக் குறைவாக இருக்கலாம். மணிக்கு 6 வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம். வாரம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 72 வெள்ளி. பேரங்காடியைவிட வாரத்துக்கு 30 வெள்ளிக்கும் மேல் குறைகிறது. ஆனால் பயணம் இல்லை. பத்து மணி வகுப்புக்கும் இரண்டு மணி வகுப்புக்கும் நடுவே வீணாகப் போகும் நேரத்தில் முடித்துவிடலாம். பேரங்காடிக்காரன் ஆறு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு நான்குக்குக் காசு தருகிறான். இங்கே பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. மணிக்கணக்கில் பார்த்தால் 6 வெள்ளியே அதிகம்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. தேர்வு வாரத்தில் லீவு கேட்டால், வளாகத்தில் இருக்கிறவருக்கு அது தேர்வு வாரம் என்று தெரியும். கடை மேலாளருக்கு அது விற்பனை வாரம். ஆய்வு உதவியாளர் வேலை கிடைத்தால் இன்னும் நல்லது. இறுதியாண்டுத் திட்டத்துக்கு வழிகாட்டியும், பின்னால் பரிந்துரைக் கடிதமும் அங்கிருந்துதான் வரும். தோட்டப்புறத்திலிருந்தும் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்தும் முதல் தலைமுறையாக வரும் நம் பிள்ளைகளுக்கு விரிவுரையாளரிடம் தைரியமாகப் பேசும் பழக்கம் வருவதே பெரிய லாபம். வீட்டில் யாரும் சொல்லித் தர முடியாத விஷயம் அது.

குறை இல்லாமல் இல்லை. இடம் குறைவு. மாதத்துக்கு இத்தனை மணி நேரம்தான் என்று வரம்பு இருக்கும். படிவம், கையெழுத்து, நிதிப் பிரிவு என்று சுற்றி வருவதால் பல இடங்களில் சம்பளம் தாமதமாகும். இந்த மாதச் சாப்பாட்டுக்கு அதை நம்பி இருக்க முடியாது. அடுத்த மாதத்துக்கு என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொரு குறை, வேலை யாருக்குப் போகிறது என்பது. பல நேரம் முதலில் கேட்டவருக்கும், தெரிந்தவருக்கும் போகிறது. கஷ்டப்படுகிறவர்தான் பெரும்பாலும் கேட்கக் கூச்சப்படுகிறார்.

இந்த விஷயத்தில் அமெரிக்க ஏற்பாட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அங்கே இதை அரசுத் திட்டமாகவே வைத்திருக்கிறார்கள். 1964-இல் அதிபர் ஜான்சன் காலத்தில் வறுமை ஒழிப்புச் சட்டத்தின் பகுதியாக வந்தது. மாணவர் குடும்ப வருமானத்தைக் காட்டி உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேவை இருப்பவருக்குத்தான் அந்த வேலை வாய்ப்பு. சம்பளத்தில் பொதுவாக 75 விழுக்காடு வரை மத்திய அரசு கொடுக்கிறது. மீதியை வேலை தரும் கல்லூரியோ அமைப்போ போட வேண்டும். வகுப்பு நேரத்தில் வேலைக்குக் கூப்பிடக் கூடாது. கல்லூரிக்குக் கிடைக்கும் நிதியில் குறைந்தது 7 விழுக்காட்டைச் சமூகச் சேவை வேலைகளுக்குச் செலவிட வேண்டும். அந்தச் சம்பளத்தைக் காரணம் காட்டி அடுத்த ஆண்டின் உதவியைக் குறைப்பதில்லை. சில மாநிலங்கள் சொந்தமாகவும் இப்படித் திட்டம் நடத்துகின்றன. வாஷிங்டன் மாநிலத்தில் 1974-இலேயே தொடங்கிவிட்டார்கள். அங்கும் வேலை மடியில் வந்து விழாது, மாணவர்தான் தேடிப் பிடிக்க வேண்டும். ஆனாலும் அடிப்படை சரியாக இருக்கிறது: யாருக்குத் தேவை என்று முதலில் பார்த்துவிட்டு, அதன்பின் வேலையைக் கொடுக்கிறார்கள். இங்கே நம் பண உதவிக்கு முதுகெலும்பு கடன்தான். எஸ்டிஆர் என்ற அரசு ரொக்க உதவி பெறும் குடும்பம் எது என்று அரசுக்கே தெரிகிறது. அந்தப் பட்டியலை வைத்து வளாக வேலைகளில் ஒரு பங்கை ஒதுக்கினால் கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கும் அது போய்ச் சேரும். நம் சங்கங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் வைக்க வேண்டிய கோரிக்கை இது என்று உறுதியாக நினைக்கிறேன்.

இதைப் படித்துவிட்டுப் பிள்ளையை அமெரிக்காவுக்கே அனுப்பலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த மத்திய அரசுத் திட்டம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அவர்களைப் போன்ற சிலருக்கும்தான். எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவர் செமஸ்டர் நேரத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். முதல் ஆண்டில் வெளி வேலை கிடையாது. "அங்க போனா வேலை பாத்தே கட்டணத்தக் கட்டிடலாம்" என்று எந்த ஏஜெண்டு சொன்னாலும் நம்பாதீர்கள்.

சரி, அந்த 400 வெள்ளிக்கு என்ன வழி? எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான். நீண்ட விடுமுறையில் இரண்டு மாதம் முழு நேர வேலை. குறைந்தபட்சச் சம்பளமே 1,700 என்றால் இரண்டு மாதத்துக்கு 3,400. ஈபிஎஃப், சொக்சோ பிடித்தபின் கையில் ஏறக்குறைய 3,000 நிற்கும். மாதம் 400 வீதம் ஏழரை மாதத்துக்கு அது போதும். ஒரு கல்வியாண்டின் வகுப்பு மாதங்கள் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஓவர்டைம் கிடைத்தால் சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு, மிச்சமும் நிரம்பிவிடும். இதற்கு பினாங்கைப் போல வசதியான இடம் குறைவு. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972 முதல் இருக்கிறது. பிறையிலும் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. வீட்டிலேயே தங்கி, அம்மா சமையலைச் சாப்பிட்டு, தொழிற்சாலைப் பேருந்தில் போய் வந்தால் செலவு மிகக் குறைவு. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் உடம்பை முறிக்கும்தான், ஆனால் எந்தத் தேர்வையும் அது கெடுக்கப் போவதில்லை. ஒரே கண்டிப்பு: சம்பளம் வந்ததும் தனிக் கணக்கில் போட்டு, மாதம் 400 மட்டும் எடுக்க வேண்டும். புதுக் கைப்பேசி வாங்கிவிட்டால் மறுபடி பேரங்காடிதான். தொழிற்பயிற்சி வரும் ஆண்டில் இந்த வழி அடைபடும். அதை முந்தின ஆண்டே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டியூஷனையும் நம் பிள்ளைகள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஆறாம் ஆண்டின் யுபிஎஸ்ஆரும் மூன்றாம் படிவத்தின் பிடி3 தேர்வும் போய்விட்டன. இப்போது பெற்றோரின் கவலை முழுக்க ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம்மில். மலாயும் வரலாறும் தேறாவிட்டால் சான்றிதழே இல்லை என்பதால் கணிதத்தோடு அந்த இரண்டுக்கும் ஆள் தேடுகிறார்கள். தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவர்களுக்கு நல்ல ஆசிரியர் கிடைப்பது இன்னும் சிரமம். மணிக்கு 25 வெள்ளி கேட்டாலும் வாரம் நான்கு மணி நேரத்தில் 100 வெள்ளி; பேரங்காடியில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வாங்குவதும் அதுதான். பள்ளி விடுமுறையில் வருமானம் நின்றுபோகும், மாணவர் சொல்லாமல் நின்றுவிடுவார், போக வர நேரமும் ஆகும். அதனால் இரண்டு மூன்று பிள்ளைகளை ஒரே வீட்டில் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கப் பாருங்கள். நன்றாகப் படித்து வந்த பிள்ளைக்கு இது வளாக வேலைக்குச் சமமான வழி; சில நேரம் அதைவிட மேல்.

கடனைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. பிடிபிடிஎன்னில் ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா, அதாவது சேவைக் கட்டணம்தான். படிப்பு முடிந்து 12 மாதம் கழித்துத்தான் திருப்பிக் கட்ட ஆரம்பிக்க வேண்டும். எஸ்டிஆர் குடும்பத்துப் பிள்ளைக்கு உச்சத் தொகை வரை கிடைக்கும். கடன் என்றாலே நடுங்கி, குறைத்து வாங்கிவிட்டு, அந்தக் குறையை ஈடுகட்ட இரவு வேலைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. அவர்களுக்காக ஒரு கணக்கு. முதல் வகுப்பில் பட்டம் பெற்றால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். நான்கு ஆண்டில் சேர்ந்த கடன் 25,000 வெள்ளி என்று வைப்போம். வாரம் 12 மணி நேரம், செமஸ்டருக்கு 14 வாரம், எட்டு செமஸ்டர் என்றால் 1,344 மணி நேரம். அதே நேரத்தைப் படிப்பில் போட்டு முதல் வகுப்பு வாங்கினால் மணிக்கு 18 வெள்ளி 60 காசு சம்பாதித்த மாதிரி. எந்தக் கடையும் அவ்வளவு தராது. எல்லாருக்கும் முதல் வகுப்பு வராது என்பது எனக்கும் தெரியும். மொத்தத் தரப்புள்ளிச் சராசரியான சிஜிபிஏ 3.5-க்கு மேல் நிற்கிற பிள்ளைக்கு இது நிஜமான வாய்ப்பு. அவனை இரவு வேலைக்கு அனுப்புவது பெரிய நஷ்டம். மறு பக்கத்தையும் பாருங்கள்: சிஜிபிஏ 2.00-க்குக் கீழே போனால் கடன் தொகை வருவதே நின்றுவிடும். விளிம்பில் தடுமாறுகிற பிள்ளையும் வேலைக்குப் போகக் கூடாது.

திருப்பித் தர வேண்டாத பணத்தைத் தேடாமல் விடுவதும் நம்மிடம் உண்டு. பினாங்கு இந்து அறப்பணி வாரியம் உயர்கல்வி மாணவர்களுக்கு உதவி வழங்குகிறது. இந்தியர் மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவான மித்ராவின் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். பல்கலைக்கழகத்தின் மாணவர் விவகாரப் பிரிவில் அவசர நல நிதி இருக்கிறதா என்று நேரில் கேளுங்கள். ஈபிஎஃப்பின் செஜாத்தெரா கணக்கிலிருந்து பிள்ளை படிப்புக்காகப் பெற்றோர் பணம் எடுக்கலாம். ஆனால் அது அப்பாவின் முதுமைக்கான பணம். எல்லா வழியும் அடைபட்டபின் அதைத் தொடலாம், அதற்கு முன்னால் வேண்டாம்.

இன்னும் படிப்பையே தேர்ந்தெடுக்காதவர்கள், இரண்டு ஆண்டு பல்கலைக்கழகம், இரண்டு ஆண்டு தொழில்துறை என்று போகும் 2யு2ஐ வகைப் படிப்புகளையும், 2005-இல் தொடங்கிய எஸ்எல்டிஎன் தொழிற்பயிற்சியையும் விசாரிக்கலாம். எஸ்எல்டிஎன்னில் பயிற்சியின் பெரும் பகுதி வேலையிடத்திலேயே நடக்கும். அங்கே வேலையும் படிப்பும் ஒன்றையொன்று தின்னாது.

முதலாண்டு மாணவருக்கு என் யோசனை: முதல் செமஸ்டரில் வேலையே வேண்டாம், கடனில் சமாளியுங்கள். மதிப்பெண் எங்கே நிற்கிறது என்று தெரிந்தபின் இரண்டாவது செமஸ்டரில் வளாகத்தில் வாரம் ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். விடுமுறையில் தொழிற்சாலை. இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இதே ஏற்பாடு, முடிந்தால் டியூஷனோடு. வீட்டில் அப்பாவுக்கு வேலை போய்விட்டது, தம்பி தங்கை பள்ளியில் இருக்கிறார்கள், இந்த மாதமே பணம் வேண்டும் என்கிற நிலை வந்தால் பேரங்காடி வேலையை எடுக்கத்தான் வேண்டும். வார இறுதியில் பகல் ஷிப்டாகக் கேட்டு வாங்குங்கள், அந்த செமஸ்டரில் எடுக்கும் கிரெடிட்டைக் குறைக்க முடியுமா என்று கல்வி ஆலோசகரிடம் பேசுங்கள், விலக்குக் கிடைக்கப் படிப்பைக் குறித்த காலத்தில் முடிக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

வளாக வேலை கேட்கப் போகும்போது வகுப்பு அட்டவணை, எஸ்டிஆர் சான்று, தேர்வு முடிவு மூன்றின் நகலையும் கையில் வைத்திருங்கள். மணிக்கு எவ்வளவு, மாதத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எந்தத் தேதியில், தேர்வு வாரத்தில் விடுப்பு உண்டா என்று நான்கையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். முதல் வாரத்திலேயே போங்கள். மூன்றாவது வாரத்துக்குள் நல்ல இடங்கள் போய்விடும்.